பாத்துடுவோம் அண்ணனின் தாகம்

எதையும் நம்பாத ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். எதைச் சொன்னாலும் நம்புகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. இந்த இரண்டு கட்சியிலும் சேராத ஒரே ஒரு மனிதர்தான் பூமியில் பிறந்திருக்கிறார். அவர் பாபநாசத்தில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார்.

நெல் வியாபாரி. யார் என்ன சொன்னாலும் அவர் வாயில் வருவது ஒரே சொல்தான்: "பாத்துடுவோம்." அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

மண்டிக்கு மூட்டை வந்தால் ஈரம் காட்டும் மெஷினில் நெல்லைப் போட்டுப் பார்ப்பார். பிறகு ஒரு நெல்லை எடுத்துக் கடித்தும் பார்ப்பார்.

"மெஷினை நம்பலையாண்ணே?"

"நம்புறேனே. பல்லையும் நம்புறேன். ரெண்டும் ஒத்துப்போனா மூட்டை உள்ள போவும். சண்டை போட்டுக்கிச்சுன்னா நெல்லு வெயில்ல காயும்."

வாழைமரத்தைக் கட்டிப்பிடித்தால் ரத்த அழுத்தம் குறையும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. தெருவே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. "சிரிக்கிறதுக்கு முன்னாடி கட்டிப் பாத்தீங்களாய்யா?" என்று கேட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார். ஒரு மாதம் தினமும் காலையில் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டை அத்தனையிலும் வாழைக்கறை. துவைத்துத் துவைத்து அலுத்துப்போன அண்ணி, "உங்களுக்கு எறங்குச்சோ இல்லையோ, எனக்கு ஏறுது" என்றார். அண்ணன் உடனே பிரஷர் பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து அண்ணி கையில் கட்டினார். உண்மையிலேயே ஏறியிருந்தது. டீக்கடையில் முடிவை அறிவித்தார்: "பலன் இருக்கு. ஆனா தப்பான பக்கம் இருக்கு."

வலங்கைமான் பக்கம் ட்ரோனில் மருந்து தெளிக்க ஆரம்பித்தபோது, பயிரில் சீராக விழாது என்றார்கள் பெரியவர்கள். சீராக விழும் என்றார் ட்ரோன்காரர். அண்ணன் டேங்கில் மஞ்சள் தண்ணீர் ஊற்றச் சொல்லி, வெள்ளை வேட்டி சட்டையோடு வயல் நடுவில் நின்றுகொண்டார். ட்ரோன் இரண்டு முறை தலைக்கு மேல் போனது. களை எடுத்துவிட்டு வரப்பு வழியே வந்த இரண்டு பெண்கள், மஞ்சள் சொட்டச் சொட்ட நின்ற அண்ணனைப் பார்த்து, ஏதோ அருள் வந்த சாமி என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். "நெஞ்சுல நல்லா விழுவுது, முதுகுல பத்தல" என்பது சாமியின் வாக்கு.

இப்படிச் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போக எனக்கும் ஆசைதான். முடியவில்லை.

அண்ணிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. தஞ்சாவூரில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். டாக்டர் ஒரு சின்ன பாட்டிலைக் காட்டி, "ஒரு நாளைக்கு இவ்வளவுதான்மா. காபி, ரசம், மோர் எல்லாம் இதுக்குள்ளதான். கூடினா நெஞ்சுல நீர் கோத்துக்கும்" என்றார். பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாருமே வைத்தியர் ஆனார்கள். "வாயைக் கட்டணும், அவ்வளவுதான். நாலு நாள்ல பழகிடும்" என்றார்கள்.

"பழகுமா? பாத்துடுவோம்" என்று அண்ணன் தனக்கும் அதே அளவில் ஒரு பாட்டில் வாங்கினார்.

சித்திரை வெயில். மண்டிக் களத்தில் அந்த பாட்டில் பத்து மணிக்கே காலி. மத்தியானத்துக்கு மேல் எடைபோடுகிறவர், லாரிக்காரர், தராசு என்று எல்லாரோடும் சண்டை. நாலு நாள் ஆனது, நாற்பது நாளும் ஆனது, பழகவில்லை. ஆனால் சிலது தெரிந்தது. ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் அதே தண்ணீர் அதிக நேரம் தாங்கும். உப்பு குறைந்தால் தாகமும் குறையும். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் காதில் பட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. வீடு வீடாக வந்து கைகூப்பினார்: "குடத்துக்குள்ள ஒரு துணியைப் போட்டுட்டுப் புடிங்கம்மா, சத்தம் வராது." எங்கள் தெரு முழுக்க அப்படித்தான் தண்ணீர் பிடித்தோம்.

ஆடியில் குடமுருட்டியில் தண்ணீர் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாலம் வந்தால் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

புரட்டாசியில் அண்ணிக்குத் திடீரென்று பக்தி வந்தது. தினமும் பெருமாள் கோயில். அண்ணனுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அண்ணிக்குக் கால் வீங்கியது, படுத்தால் மூச்சு வாங்கியது. அளவு மீறாமல் எப்படி என்று அண்ணன் குழம்பிக்கொண்டிருந்தபோது பட்டர் வழியில் பார்த்துப் பூரிப்போடு சொன்னார்: "ஆத்துக்காரிக்கு என்ன பக்தி! தீர்த்தத்துக்கு மறுபடி மறுபடி வரிசையில வந்து நிக்கறா. உள்ளங்கையை இன்னும் நன்னாக் குழிச்சுக் காட்டறா."

அன்று சாயங்காலம், வாங்கியிருந்த டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்க நான் அங்கே போயிருந்தேன். அண்ணி அழுதுகொண்டிருந்தார்.

"பெருமாள்கிட்டயே திருடிக் குடிச்சேன். திட்டுங்க."

"திட்ட மாட்டேன். தாகம்னா என்னன்னு எனக்கும் தெரியும்ல? நானும் சித்திரையிலேருந்து உன்கூடத்தானே இருக்கேன்."

அண்ணி சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் திரும்பக் கேட்கவே கூடாது.

"உங்க பாட்டில் தீந்தா அந்தா பானை இருக்கு. வேணாம்னு நீங்களா இருக்கீங்க. நாளைக்கே வேணும்னா குடிக்கலாம். நான் குடிச்சா மூச்சு முட்டிச் செத்துடுவேன். ரெண்டும் ஒண்ணா?"

எதைச் செய்து பார்த்தாலும் கடைசியில் முடிவு சொல்லுகிற மனிதர் அண்ணன். அன்றைக்கு அண்ணியின் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு இல்லதான். எனக்குத் தெரியலடி. நீ சொல்லு. எப்படி இருக்கு?"

அண்ணி சொல்ல ஆரம்பித்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வதை, பிறந்த ஊரின் மதகு கனவில் வருவதை, விழித்ததும் பிள்ளையில்லாத வீட்டில் யாரிடம் சொல்வது என்று சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதை. நான் கேரியரை வைத்துவிட்டு மெல்ல வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அண்ணி சொல்வார், அண்ணன் கேட்பார். குறுக்கே ஒரு யோசனைகூடச் சொல்வதில்லை. அண்ணி தீர்த்தத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார், பட்டருக்குத்தான் வருத்தம். அண்ணனின் பாட்டிலையும் அண்ணியே பிடுங்கிப்போட்டார். "நீங்களாவது குடிங்க. பாத்துக்கிட்டாவது இருக்கேன்" என்று சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாராம். அழுதுகொண்டே குடித்ததாக அண்ணன் என்னிடம் சொன்னார்.

தையில், ஊரே அறுவடையில் இருந்தபோது, ஒரு டயாலிசிஸ் நாளில் வண்டி ஏறுவதற்கு முன்பே அண்ணி போய்விட்டார்.

வாசலில் ஷாமியானா போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து, "உங்க வேதனை எங்களுக்குத் தெரியாதாண்ணே? எங்க வீட்டுலயும் போன வருஷம் இப்படித்தான்" என்று கையைப் பிடித்துச் சொன்னார்கள். தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அண்ணன் எல்லாருக்கும் தலையாட்டினார். நானும் வீட்டில் ஒருத்தரைப் பறிகொடுத்தவன்தான், எனக்கும் அந்த வார்த்தை வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரியலண்ணே. நீங்க சொல்லுங்க."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "காலையில எந்திரிச்சு யாருக்காக அடுப்பு பத்த வைக்கிறதுன்னு தெரியல தம்பி" என்று ஆரம்பித்தார். விளக்கு வைக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

இன்றும் சாயங்காலமானால் எதிர்வீட்டுக்குப் போய்விடுகிறேன். அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. எனக்கும் அவசரமில்லை.