ரேக்குக்குப் பின்னால் ஒரு தூளி

முதல் சர்வர் ரீஸ்டார்ட் ஆகட்டும் என்று தமிழழகன் நாற்காலியில் சாய்ந்தான். ஃபேன் சத்தம் அடங்கியது. அது அடங்கியதும் சர்வர்களை அடுக்கிய ரேக்குக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை வீறிட்டது.

எட்டிப் பார்த்தான். ஜன்னல் கம்பியில் புடவைத் தூளி. உள்ளே பொக்கை வாயைத் திறந்துகொண்டு ஒரு பொடியன்.

கச்சிராயபாளையம் தாண்டி இருக்கும் அந்த மரவள்ளி மாவு மில்லில் ஏசி உள்ள ஒரே அறை இதுதான். கிழங்கு உரிக்கிறவள் யாரோ வெயிலுக்குப் பயந்து பிள்ளையை இங்கே கிடத்தியிருக்கிறாள், பாவம். கதவிலோ, 'அனுமதியின்றி நுழைந்தால் வேலை நீக்கம்' என்று மேனேஜர் விஜயராகவன் கையெழுத்தோடு தாள் ஒட்டியிருந்தது.

தமிழழகன் பாடே திண்டாட்டம். மூன்று சர்வர்களையும் புது மெய்நிகர் நெட்வொர்க்குக்குத் தயார் செய்ய வேண்டும். ஒன்றின் சுமையை மற்ற இரண்டின் தலையில் ஏற்றி, காலியாக்கி, இணைப்பை மாற்றி, ரீஸ்டார்ட். அதற்குள் இந்த சர்வர்களை நம்பி ஓடும் எடைமேடை நின்றால் உனக்குப் பதில் வேறு ஆள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சொந்த ஊரான திருக்கோவிலூரில் அவனுக்காக வேறு வேலை எதுவும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

போன் அடித்தது. மேனேஜர்.

“இன்னாப்பா சத்தம் அங்க?”

“பழைய ஃபேன் சார். கத்துது.”

“ஏசிய ஜாஸ்தி வெச்சிடாத. இருபத்தாறுலயே இருக்கட்டும்.”

சர்வர் ரூமுக்கு எவன் இருபத்தாறு வைப்பான் என்று கேட்கத் தெம்பில்லை. சரிங்க என்றான்.

ரேக்கடியில் சுருண்டு கிடந்த கேபிளை இழுத்துத் தூளியில் ஒரு முடிச்சு, கால் கட்டைவிரலில் ஒரு சுற்று. கால் தூளியை ஆட்டியது, கை கீபோர்டைத் தட்டியது. பிள்ளை தூங்கிவிட்டது.

வாட்ச்மேன் பச்சமுத்து தலையை நீட்டினான். “தம்பி, நீயே பாத்துக்கிறியா? நா கேட்டுக்குப் போவட்டா?”

“போங்கண்ணா, நா பாத்துக்கிறேன்.” உள்ளே தெரியாதபடி மறைத்துக்கொண்டான்.

அந்தக் கேபிள் சும்மா கிடந்த கேபிள் இல்லை. பிள்ளை புரண்டது, கால் இழுத்தது, கேபிள் இரண்டாவது சர்வரிலிருந்து பிடுங்கிக்கொண்டது. வெளியே கிழங்கு டிராக்டர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. எடைமேடை நின்றுவிட்டது.

ஓடிப்போய்ச் செருகினான். போன இணைப்பைச் சீக்கிரம் கொண்டுவருகிறேன் என்று, தான் அந்த சர்வருக்குள் நுழைந்திருந்த வழியையே புது நெட்வொர்க்குக்கு மாற்றித் தொலைத்தான். உட்கார்ந்த கிளையை வெட்டினவன் கதை. இனி அந்த சர்வரையும் ரீஸ்டார்ட் பண்ணித்தான் ஆக வேண்டும். பண்ணினான். ஃபேன் நின்றது. பிள்ளை கத்தியது. தூக்கினான், சட்டை நனைந்தது.

வராந்தாவில் மேனேஜர் குரல் கேட்டது. பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு வாசலை மறித்து நின்றான்.

“எடைமேட ஏன் நின்னுச்சு? நவுரு.”

“வராதீங்க சார். உள்ள கரண்ட் லீக்காவுது.”

“உள்ளயா?” மேனேஜர் முகம் வெளுத்தது. அவனைத் தள்ளிவிட்டு நேராக ரேக்குக்குப் பின்னால் ஓடினார். பச்சமுத்துவும் பின்னாலேயே ஓடினான்.

தமிழழகனுக்கு எல்லாமே அலுத்துப்போனது. தன் வேலை போனது போனதுதான். அந்தப் பெண்ணின் பிழைப்பாவது மிஞ்சட்டும்.

“என் கொழந்த சார்,” என்றான் கல்யாணமாகாத தமிழழகன். “வூட்ல பாத்துக்க ஆளில்ல. நான்தான் தூக்கியாந்தேன்.”

மேனேஜர் பிள்ளையைத் தூக்கினபடியே திரும்பிப் பார்த்தார். பச்சமுத்துதான் வாயைத் திறந்தான்.

“இன்னா தம்பி சொல்ற? குவாட்டர்ஸ்ல கரண்ட் இல்லன்னு காத்தால ஐயாதானே தூளி கட்டினாரு, இது ஐயா பொண்ணு பெத்த புள்ளையாச்சே.”