நாலாயிரம் மிச்சம் பிடித்ததும் அழகம்மாள் கோச்சடைக்குப் போனதும்

ஆனையூர்,
புதன்கிழமை.

அன்பிற்குரிய மாப்ள தவசிக்கு, மச்சான் நல்லகாமன் எழுதுவது. இங்கு நான் சுகம். திருப்பூரில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்கக் கும்பிடுகிற சாமி துணை நிற்கட்டும். உன் அக்கா அழகம்மாள் சுகமா என்பதை நீதான் விசாரித்து எனக்குத் தெரிவிக்க வேண்டும். அவள் ஒன்பது நாளாகக் கோச்சடையில் உன் சின்னக்கா மீனா வீட்டில் இருக்கிறாள்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். என் போனும் உன் அக்கா போனும் ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கின்றன. பக்கத்து வீட்டு மொக்கைச்சாமி போனில் பேசலாம், ஆனால் பேசி முடிக்கும்வரை அவன் பக்கத்திலேயே நின்று கேட்பான். ஆகவே நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். படித்துவிட்டு யார் பக்கம் நியாயம் என்று சொல்.

மே மாதத்தோடு எனக்குப் பணி ஓய்வு என்பது உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருசம் மாநகராட்சித் தண்ணீர்த் தொட்டியில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவனுக்கு, காலையில் திருக ஒரு வால்வு இல்லாமல் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் மாதப் பென்சன் வந்ததும் ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தேன், கூடவே இல்லை. அந்த நேரம் பார்த்து, 'மாதம் நாலாயிரம் கூடுதலாகச் சேமிக்க எளிய வழிகள்' என்று கண்ணாடி போட்ட ஒருத்தர் போன் வீடியோவில் பேசினார். நல்ல மனுசன் மாதிரித்தான் இருந்தார். நாலு தடவை பார்த்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதலில் கரண்டு. ரெண்டு பேருக்கு எதுக்கு ரெண்டு ஃபேன் என்று, ரெண்டு பேரும் ஒரே அறையில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். உன் அக்கா ஒத்துக்கொண்டாள். அடுத்தது ஃபிரிட்ஜ். ராத்திரி யாரும் அதைத் திறப்பதில்லை, அது சும்மா எதற்கு ஓட வேண்டும் என்று படுக்கும் முன் நிறுத்தினேன். காலையில் பார்த்தால் இட்லி மாவு பொங்கி, சட்டி மூடியைத் தள்ளிவிட்டு, தட்டு தட்டாக இறங்கி, காய்கறிப் பெட்டியை நிரப்பி, தரைக்கு வந்து, ஹால் வரைக்கும் வந்துவிட்டது. உன் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை மாப்ள. துடைத்தாள். அன்றைக்கே அவள் ரெண்டு சத்தம் போட்டிருந்தால் நான் அத்தோடு நிறுத்தியிருப்பேன். பேசாமல் இருந்ததால் திட்டம் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதுக்கப்புறந்தான் பஸ்ஸு. பொம்பளைகளுக்கு டவுன் பஸ் ஓசி. எனக்கு டிக்கெட். அப்ப யாரு போகணும்? நீயே சொல்லு. பேங்கு, கரண்டு ஆபீஸ், ரேசன் கடை, என் பிரஷர் மாத்திரை, எல்லாத்துக்கும் ஒங்கக்காவையே அனுப்புனேன். ஒருநாள் நாலு தடவை போயிட்டு வந்தா. கண்டக்டர் பையன், "என்னம்மா, என்னையவிட நீங்க கூட ட்ரிப் அடிக்கிறீக, பேட்டா எதுவும் உண்டா?"ன்னு கேட்டானாம். வந்து சொன்னா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. மாட்டுத்தாவணியில தக்காளி பெட்டியா எடுத்தா மலிவுன்னு கேள்விப்பட்டு அதுக்கும் அனுப்புனேன். ஆளுக்கு ஓசி, பெட்டிக்கு லக்கேஜ் சார்ஜ் போட்டுட்டாங்க. ரெண்டு பேருக்குப் பதினாலு கிலோ தக்காளி. தக்காளிச் சோறு, தக்காளித் தொக்கு, தக்காளிச் சட்னி, எட்டாம் நாளு எனக்கே நாக்கு புண்ணாகிப்போச்சு. மிச்சத்தை மொக்கைச்சாமி வீட்டுக்குக் குடுத்தோம். அவன் பொண்டாட்டி, "அக்கா, இதுக்கு மேல வேணாம்"னு வாசல்லயே சொல்லிருச்சு.

இம்புட்டையும் ஒங்கக்கா பொறுத்துக்கிட்டா. பொறுக்காத ஒண்ணைத்தான் நான் கடைசியாச் செஞ்சேன். ரெண்டு போனுக்கும் ரீசார்ஜ் முடிஞ்சப்ப போடாம விட்டேன். வீட்டுல இருக்கிற ஆளுகளுக்குப் போன் எதுக்கு, அவசரம்னா மொக்கைச்சாமி போன் இருக்குன்னு சொன்னேன். மொக்கைச்சாமி குடும்பத்தோட ராமேஸ்வரம் போயிட்டான். அந்த நேரத்துலதான் மீனா மக ஆர்த்திகாவுக்குப் பிரசவ வலி கண்டிருக்கு. மீனா எம்புட்டுத் தடவை கூப்பிட்டிருப்பாளோ தெரியல. நீயும் கூப்பிட்டிருப்ப. எங்களுக்கு ஒரு சேதியும் இல்ல.

ஒங்கக்கா செல்லூருல பஸ்ஸுல வரும்போது கோச்சடைக்காரப் பொம்பளை ஒண்ணு, "பேரன் பொறந்து மூணு நாளாச்சு, பெரியம்மாக்காரி நீங்க இன்னும் எட்டிப் பாக்கலையே"ன்னு கேட்டுருக்கு. வீட்டுக்கு வந்து காய்ப் பையைக் கீழ வச்சா.

"ஆர்த்திகாவுக்குப் பையன் பொறந்திருக்கானாம். அவளைத் தூக்கி வளத்தவ நான். பஸ்ஸுல போற வாற ஆளு சொல்லித்தான் எனக்குத் தெரியுது."

"அப்படியா, சந்தோசம்"னு சொன்னேன். அத்தோட நிறுத்தியிருக்கணும். அவ ரெண்டு சேலையை ஒயர்கூடைக்குள்ள வைக்கிறதைப் பாத்தும், "அப்படியே வரும்போது காளவாசல்ல ரெண்டு தேங்காய் வாங்கிட்டு வந்துரு, அங்கனதான் சீப்பு"ன்னு வாய் சொல்லிருச்சு மாப்ள. ஒங்கக்கா என்னைய ஏற எறங்கப் பாத்தா. முப்பது வருசமா வாசப்படி தாண்டும்போது "போயிட்டு வாரேன்"னு சொல்றவ, "போறேன்"னு சொல்லிட்டுப் போனா.

ஒன்பது நாளாச்சு. உள்ளதைச் சொல்லணும்னா, அவ போன பொறவு கேஸும் கரண்டும் பாதிதான் ஆகுது. அது எனக்கு முதல் நாளே தோணுச்சு. தோணுனதும் எனக்கே அசிங்கமாப் போச்சு. அந்த நோட்டை எடுத்துப் பரணுல போட்டுட்டேன். ரெண்டு ஃபேனையும் போட்டுட்டு உக்காந்திருக்கேன், அப்பவும் வேர்க்குது. போன் ரீசார்ஜ் இன்னும் போடல. போட்டா முதல்ல மீனாதான் கூப்பிடுவா, அவ வாய்க்கு என்னால பதில் சொல்ல முடியாது.

ஆகையால் மாப்ள, நீ வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் ஆனையூர் வர வேண்டும். உன்னை முன்னால் விட்டுப் பின்னால் நான் வருகிறேன். "மச்சான் திருந்திவிட்டார்" என்று நீ சொன்னால் அவள் கேட்பாள். நான் சொன்னால் அதற்கும் ஏதோ செலவைக் குறைக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பாள். உன் மனைவிக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதத்தையும் சொல். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் மச்சான்
நல்லகாமன்

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தள்ளிவிடு. இதைக் கோச்சடையில் இருந்து வெள்ளிக்கிழமை எழுதுகிறேன். அன்றைக்கே தபால் பெட்டி வரைக்கும் போனவன், நாலு நாள் பொறுக்க முடியாமல் அப்படியே பஸ் ஏறிவிட்டேன். வழியில் ரெண்டு போனுக்கும் ரீசார்ஜ் போட்டேன்; இதைப் போனிலேயே சொல்லலாம்தான், எழுதிய கடிதத்தை வீணாக்க மனசில்லை. மீனா கதவைத் திறந்தாள், ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி வழிவிட்டாள். அது திட்டியதைவிட மோசம். ஒங்கக்கா காலை நீட்டி உக்காந்து, பேரனைக் கால்மேல போட்டு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருந்தா. நிமிந்தே பாக்கல. "கையைக் கழுவிட்டு அந்த வெந்நியைத் தூக்கிட்டு வாங்க"ன்னா. தூக்கிட்டு வந்தேன். குளிப்பாட்டித் துடைச்சு என் மடியில வச்சா. ஒரு கோழிக்குஞ்சு கனம்கூட இல்ல. "போனுக்கு ரீசார்ஜ் போட்டுட்டேன் அழகம்மா"ன்னேன். "இனிமே யாரு கூப்பிடப் போறா? எல்லாரும் இங்கதான இருக்கோம்"னா. நாப்பது நாள் முடியாமல் வரமாட்டாளாம். அதனால் நானும் இங்கேயே தங்கிவிட்டேன். வெந்நீர் போடுவதும் துணி அலசுவதும் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனையூர் போகாதே, வீடு பூட்டியிருக்கும். நேரே இங்கே வந்து பிள்ளையைப் பார். வரும்போது உன்னிடம் பழைய வேட்டி இருந்தால் நாலைந்து எடுத்து வா. நேற்று வீட்டுக்குப் போய் எடுத்து வந்த என்னுடையதை எல்லாம் கிழித்துப் பேரனுக்குக் கட்டியாயிற்று.