ஆபரேஷன் நடுவில் கெட்டிமேளம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து, எறும்பை மையில் முக்கி ஓடவிட்ட மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், அதனால் எழுத்துப் பிழைகளும் இருக்கும். வலது கையில் நடந்த ஆபரேஷன்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் ஆபரேஷனுக்கு முன்னாலும் இதே எழுத்துதான்.

நான் ஸ்ரீரங்கத்தில் கல்யாணப் பந்தி பரிமாறுகிறவன். இருபத்தெட்டு வருஷமாகச் சாம்பார் வாளி தூக்குகிறேன். மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். பரிமாறும்போது இலையை மட்டும் பார்த்தால் போதும். (இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.)

என் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமான நேரத்தில், வலது மணிக்கட்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வாளியைத் தூக்கினால் உயிர் போனது. கல்யாணத்துக்கு இரண்டே மாதம். முதல் பந்தியில் சம்பந்தி வீட்டாருக்கு என் கையால் சாம்பார் ஊற்ற வேண்டும் என்பது அவள் பிறந்த நாளிலிருந்து நான் வைத்திருந்த ஆசை.

"சின்ன ஆபரேஷன்தான். ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போக வைப்போம்" என்றார் திருச்சி டவுன் டாக்டர். ஊசி என்று கேட்டதுமே எனக்கு உடம்பு முழுக்க மரத்துவிட்டது. (மருந்தே தேவையில்லை.)

முதல் தடவை, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிவிட்டேன். இரண்டாம் தடவை முக்கொம்புக்குப் போய்ச் சாயங்காலம் வரை ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டாக்டர் லீவு என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி வசந்தா சட்டையை மோந்து பார்த்தாள்.

"எந்த ஆஸ்பத்திரிலங்க மீன் வறுக்கிறாங்க?"

மூன்றாம் தடவை அவளே கூட வந்தாள். ஆபரேஷன் அறைக்கு வெளியே, மாடிப்படிக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். படியில் தப்பிக்க வழியில்லை.

உள்ளே மேஜையில் படுக்கவைத்தார்கள். என் நடுக்கத்தில் மேஜையும் நடுங்கியது.

"அண்ணே, இப்படி ஆடுனா டாக்டர் எங்க வெட்டுறது?" என்றாள் நர்ஸ் பெண். "பாட்டு கேளுங்க. மனசு பாட்டுல போயிட்டா பயம் குறையும், வலியும் அவ்வளவாத் தெரியாது. உங்களுக்கு என்ன பாட்டு பிடிக்கும்?"

எனக்குப் பிடித்தது பழைய காதல் டூயட். மகள் வயசுப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது?

"மங்களமா ஏதாவது போடும்மா" என்றேன், கூரையைப் பார்த்து.

அவள் என் காதில் ஹெட்போனை மாட்டினாள். நாதஸ்வரம்! ஆஹா, என்ன சொல்வேன்! ஐந்து நிமிஷத்தில் நடுக்கம் நின்றது. ஊசி எப்போது போட்டார்கள் என்றே தெரியவில்லை. எத்தனையோ கல்யாணத்தில் கேட்ட வாசிப்புதான். ஆனால் வாளி இல்லாமல் படுத்துக்கொண்டு கேட்டது அன்றைக்குத்தான். டாக்டர் ஏதோ செய்கிறார், யார் கையிலோ செய்கிறார். நான் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கெட்டிமேளம் கொட்டியது.

கெட்டிமேளம் என்றால் உங்களுக்கு அட்சதை போடும் நேரம். எங்களுக்கு ஓடும் நேரம். தாலி ஏறியதும் கூட்டம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பாயும். அதற்குள் இலை போட்டாக வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக, அந்தச் சத்தம் கேட்டால் கால் என்னைக் கேட்காமலே ஓடும்.

ஓடியது.

அந்த அறையில் வேறு யாருக்கும் மேளம் கேட்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கண்டதெல்லாம், அமைதியாகப் படுத்திருந்த ஆள் ஹெட்போன் தெறித்து விழத் திடீரென்று எழுந்து, மேலே மூடியிருந்த பச்சைத் துணியை இடது கையில் சுருட்டிக்கொண்டு பறந்ததுதான். வெளியே வரிசையாக நாற்காலி, வரிசையாக ஜனம். பந்தியேதான்!

"உட்காருங்க, உட்காருங்க! இலை வருது!" என்று கத்தியபடி முதல் ஆள் மடியில் பச்சைத் துணியை விரித்தேன்.

அந்தப் பெரியவர் பதறவே இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "டிபனா தம்பி, சாப்பாடா?" என்று கேட்டார்.

"என்னங்க! கையில ஊசி தொங்குது!" என்று வசந்தா அலறினாள்.

பார்த்தேன். நூல், நூல் முனையில் ஊசி. பெரியவர் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தேன்.

டாக்டர் வாசலில் நின்றார். "கட்டியை எடுத்தாச்சுங்க. இன்னும் மூணு தையல்தான் பாக்கி. போட்டுட்டுப் பந்தி வைக்கலாமா?"

வசந்தா என்னிடம் ஓடிவந்ததில் மாடிப்படி காலியாக இருந்தது. கீழே இறங்கினால் சத்திரம் பஸ். என் கண் போன இடத்தை அவள் பார்த்துவிட்டாள்.

"போங்க, தாராளமாப் போங்க. கவி கல்யாணத்துல நீங்க அப்பளம் போட்டாப் போதும்."

அப்பளமா! (வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஆளிடம் கொடுக்கிற வேலை அது.) விருட்டென்று எழுந்து, நானே உள்ளே போய்ப் படுத்தேன்.

கையை மறுபடி மருந்தால் கழுவினார்கள். "இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கண்ணே. என்ன பாட்டு?" என்றாள் நர்ஸ்.

"டூயட்" என்றேன், சுவரிடம்.

மூன்று தையலும் யாருக்கோ போட்டது போல முடிந்தது. ஜம்மென்று வெளியே வந்தால், மொத்த ஹாலும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. காதில் ஹெட்போன் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. முழுப் பாட்டையும் நான் வாய்விட்டுப் பாடியிருக்கிறேன். ஆண் குரல் மட்டுமில்லை, பெண் குரலும் நானேதான்.

"இருபத்தஞ்சு வருஷத்துல எனக்கு ஒரு வரி பாடினதில்ல" என்றாள் வசந்தா, பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது. கோபமா வெட்கமா, இன்றுவரை தெரியாது.

கவிதா கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியபோது, சொந்தக்காரர்கள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். வசந்தா என் வேட்டி நுனியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். நான் அசையவில்லை. (இடது கால் மட்டும் கொஞ்சம்.) பிறகு முதல் பந்தியில் சம்பந்திக்கு நானே சாம்பார் ஊற்றினேன். வலி இல்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை.

இப்போது எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், ஐயர் தாலியை எடுத்ததும் ஒரு குரல் வரும்: "சித்தப்பாவைப் பிடிங்கப்பா!"

இதை எழுதி முடித்தது ஆடி மாதம் பன்னிரண்டாம் தேதி. ஆடியில் எங்கேயும் கெட்டிமேளம் கிடையாது. அதனால்தான் எழுந்து ஓடாமல் எழுதி முடித்தேன்.