வரவு வைக்காத கடிதம் கடிதமில்லை

மொன்றியலில் வாழ்ந்த தமிழர்களிலேயே, இருநூறு வருடம் பழைய கடிதத்துக்குப் பதில் போகவில்லையே என்று சாப்பாடு இறங்காமல் தவித்த ஒரே மனிதர் எங்கள் செக்கிரட்டரி அண்ணைதான். இதை நான் மாதா கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன், முருகன் கோயிலிலும் பண்ணுவேன்.

அப்போது அந்த நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் ஒரு ஆறு மாடிக் கட்டிடத்தில் இருந்தோம். நான் மூன்றாம் மாடி. பத்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்து, ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என் அறைக்கூட்டாளி கார்த்திக் சென்னையிலிருந்து படிக்க வந்தவன். செக்கிரட்டரி ஐந்தாம் மாடி. பல்கலைக்கழக நூலகத்தில் தரை துடைப்பது அவர் வேலை. ஊரில் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், வரும் கடிதங்களுக்குத் திகதி முத்திரை குத்தியவர்.

நூலகம் கழித்துக்கட்டிய புத்தகக் குவியலில் அவருக்கு ஒரு தடித்த தொகுதி அகப்பட்டது. அமெரிக்கா கைக்குழந்தையாக இருந்த காலத்தில் வெளிநாட்டு விவகாரம் பார்த்த செக்கிரட்டரி ஒருவருக்கு வந்த அரசாங்கக் கடிதங்கள். அந்தப் பெரிய மனிதரின் பெயரை அண்ணை வாயால் சொல்லவே மாட்டார். 'அவர்' என்பார், அந்தக் காலத்துப் பெண்டாட்டி புருசனைச் சொல்வதுபோல. ஆகவே 'அவருடைய' பதவியை நாங்கள் இவருக்கே கட்டிவிட்டோம்.

ஒரு நாள் லிஃப்டில் என் தோளைப் பிடித்தார்.

"தம்பி, கப்டனைக் கடற்கொள்ளைக்காரர் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்."

எங்கள் ஆட்கள் யாரோ கப்பலில் மாட்டிவிட்டார்கள் என்று பதறிப்போனேன். "எந்தக் கப்டன் அண்ணை?"

"காலில சங்கிலியாம். அவருக்கு எழுதியிருக்கிறார். பதில் போனமாதிரித் தெரியேல்லை."

"எப்ப நடந்தது?"

"இருநூறு வருசத்துக்கு மேல."

"அப்ப இப்ப பழகியிருப்பார் அண்ணை."

அடுத்த மாடியிலேயே லிஃப்டை விட்டு இறங்கிப் படியால் போனார்.

கதை அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தனக்கு வரும் கடிதத்தின் பின்பக்கத்தில், யார் அனுப்பியது, எப்போது கிடைத்தது என்று 'அவர்' தன் கையாலேயே குறித்துவைப்பாராம். அன்றிலிருந்து செக்கிரட்டரியும் பச்சை மைப்பேனாவோடு இறங்கிவிட்டார். பீட்சாக் கடை விளம்பரத்தாளின் முதுகில்கூட, 'அனுப்பியது: பீட்சாக்காரர். பெற்றது: 12ஆம் திகதி. பதில்: அவசியமில்லை' என்று இருக்கும். பிரெஞ்சில் வரும் கடிதங்களைக் கட்டிடத்துச் சனம் அவரிடம்தான் கொண்டுபோகும். இப்படி முதுகில் வரவு வைக்காமல் ஒரு வரி வாசிக்கமாட்டார்.

நாலாம் மாடி மல்லிகா அக்கா ஒரு கடிதத்தோடு மூச்சிரைக்க ஓடிவந்தா. "அண்ணை, பிள்ளையைப் பகலில விடுற கார்டெரியில இடம் கிடைச்சுதோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"கடிதம் எத்தனை மணிக்கு வந்தது?"

"எனக்கென்ன தெரியும்? அடுப்பில கறி கிடக்கு."

"கறிக்கு வரவு தேவையில்லை. கடிதத்துக்கு வேணும்."

இடம் கிடைத்திருந்தது. கறி கருகிவிட்டது.

இப்படி ஒருவர் ஐந்தாம் மாடியில் இருக்க, மூன்றாம் மாடியில் நான் சும்மா இருப்பேனா? கார்த்திக்கின் பிரிண்டரில், தடித்த தாளில், வாசிங்டனிலிருந்து ஒரு கடிதம் தயாரித்தேன். பதில் போகாத பழைய கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத உங்களை நியமித்திருக்கிறோம் என்று என் சொந்த இங்கிலீசில் எழுதினேன். சந்திக்குச் சந்தி தபால் பெட்டி இருக்கும் ஊர். போட்டுவிட்டேன்.

நாலாம் நாள் லிஃப்டில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நின்றார்.

"வாசிங்டனில இருந்து கடிதம் வந்தது தம்பி."

"அப்பிடியோ அண்ணை?"

"ஓம். முத்திரைதான் கனடா முத்திரை." என் முகத்தைப் பார்க்காமல், லிஃப்டின் நம்பர்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பதில் போடுவன். பேந்து, கொஞ்சநாள் போக."

ஒரு கிழமையில் எனக்கு ஒரு உறை வந்தது. அம்மாவை ஊரிலிருந்து எடுப்பதற்கு நான் மனுப் போட்டு மூன்று வருடம். அதைப் பற்றித்தான். அம்மா என்னுடைய அம்மாதான் என்பதை முப்பது நாளுக்குள் நிரூபிக்கவேண்டும், இல்லாவிட்டால் கோப்பு மூடப்படும் என்று இருந்தது.

செக்கிரட்டரி போட்ட பதில் இதுதான் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா அம்மாதானா என்று எந்த அரசாங்கமாவது கேட்குமா?

"பெரியவர் பின்னிட்டாருடா மச்சான்," என்றான் கார்த்திக். "லெட்டர்ஹெட்லாம் அப்டியே ஒரிஜினல் மாதிரி இருக்கு."

அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். அவராகக் கேட்கட்டும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து நாள் வெற்றிக்கொடியாகப் பறந்தது. பிறகு சூடான சட்டிக்குக் கீழே போனது. பிறகு கார்த்திக் வீட்டைக் கூட்டியபோது மறுசுழற்சிப் பெட்டிக்குப் போனது. மறுநாள் காலை லிஃப்டில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணை, உங்கட பதில் பிரமாதம். கையெழுத்துத்தான் கொஞ்சம் மோசம்."

"என்ன பதில்?"

"அம்மாவை நிரூபிக்கச் சொல்லி."

செக்கிரட்டரி என்னை முதல்தடவையாக நேரே பார்த்தார். "நான் இன்னும் பதில் போடேல்லையே தம்பி."

லிஃப்ட் கீழே போய்ச் சேர்வதற்கு முன்பே என் உயிர் போய்ச் சேர்ந்துவிட்டது.

பின்வாசலில் முழங்கால் அளவு பனி. வரிசையாக எட்டு நீலப் பெட்டி. தெருமுனையில் மறுசுழற்சி லொறி திரும்பிக்கொண்டிருந்தது. கழுத்துப்பட்டியோடு அவர் ஒரு பெட்டிக்குள், கையுறை இல்லாமல் நான் இன்னொன்றுக்குள். ஐந்தாவது பெட்டியில், பருப்பு காய்ந்த வட்டத்தோடு கடிதம் கிடைத்தது. நான் பறித்துக்கொண்டு ஓடப் பார்த்தேன். அவர் விடவில்லை. திருப்பிப் பிடித்து, பேனாவை எடுத்தார். மை உறைந்துபோயிருந்தது. முனையை வாயில் வைத்து ஊதினார்.

"அண்ணை, லொறி வந்திட்டுது."

"வரவு வைக்காத கடிதம் கடிதமில்லை."

லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். செக்கிரட்டரி கையை உயர்த்தி, "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக்கொண்டே எழுதி முடித்தார்.

என் பிறப்புப் பதிவு இருந்த கந்தோர் சண்டையில் எரிந்துபோனது. ஊரில் வேறு அத்தாட்சி எடுக்க மூன்று மாதமாவது வேண்டும். மிச்சம் இருந்ததோ ஆறு நாள். செக்கிரட்டரி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அவகாசம் கேட்டு நாலு பக்கம் எழுதினார், முழுக்க முழுக்க 'அவர்' காலத்து இங்கிலீசில். தங்கள் கடிதத்தைப் பெறும் கௌரவம் எனக்குக் கிட்டியது என்று தொடங்கி, தங்கள் மிகவும் தாழ்மையான, மிகவும் கீழ்ப்படிவான ஊழியன் என்று முடிந்தது.

"இதில கையெழுத்து வை."

"நான் ஒருத்தருக்கும் ஊழியன் இல்லை அண்ணை."

"அவருக்கே நாட்டுத் தலைவர்மார் இப்பிடித்தான் எழுதினவை. நீ கோப்பை கழுவுறவன். வை."

வைத்தேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது. மூன்று மாதம் அவகாசம். அச்சடித்த எழுத்துகளுக்குக் கீழே யாரோ பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: 'இவ்வளவு மரியாதையாக எங்களுக்கு யாரும் எழுதுவதில்லை.' செக்கிரட்டரி அதை வாசித்தார். வரவு வைத்த பிறகுதான்.

அடுத்த கோடையில் அம்மா வந்து இறங்கினா. விமான நிலையத்தில் நான் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, அவர் அம்மாவின் விமானச் சீட்டை வாங்கித் திருப்பினார். 'அனுப்பியது: யாழ்ப்பாணம். பெற்றது: மகன், மாலை 4.10.'

"ஆரடா இந்த மனிசன்?" என்று அம்மா காதுக்குள் கேட்டா.

"உங்களைப் பதியிறவர் அம்மா."

இரண்டு வருடம் கழித்து அவர் மகளோடு இருக்க ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு சப்பாத்துப் பெட்டியை என் வாசலில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரே ஒரு கடிதம், என் வாசிங்டன் கடிதம். முதுகில் பச்சை மை.

'அனுப்பியது: மூன்றாம் மாடிப் பொடியன். பெற்றது: ஜனவரி 2. பிழைகள்: பதினொன்று. பதில் போட்டது: பெப்ரவரி 2.'

எனக்கு அவர் ஒருநாளும் பதில் போட்டதில்லையே என்று யோசித்தேன். லிஃப்டுக்குள் போய் நின்று யோசித்தபோதுதான் பிடிபட்டது. பெப்ரவரி இரண்டு, பனிக்குள் நாங்கள் பெட்டி கிளறிய நாள். அன்றைக்கு அவர் எழுதியது ஒரே ஒரு கடிதம்தான், அம்மாவுக்காக அவகாசம் கேட்டது.

கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார். நான் பேனாவை எடுத்து, 'பெற்றேன்' என்று எழுதித் திகதி போட்டேன்.