வேகம் பார்க்கும் பட்டை

"இத கழட்டவே கூடாதாம். குளிக்கும்போது மட்டும் விட்டுட்டாங்க, பெரிய மனசு!" என்றார் பரந்தாமன், ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் கட்டிவிட்ட கறுப்புப் பட்டையை முறைத்தபடி.

பார்க்கின்சன் நோயில் உடம்பு எவ்வளவு மெதுவாகியிருக்கிறது என்று கையசைவை வைத்தே அந்தப் பட்டை கண்டுபிடித்துவிடுமாம். முடிவு மோசமாக வந்தால் ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரை வீட்டைப் பூட்டிவிட்டு, பூந்தமல்லியில் தன் ஃபிளாட்டுக்கு அப்பாவும் அம்மாவும் வந்துவிட வேண்டும் என்று மகன் ஜெகதீஷ் சொல்லியிருந்தான். அங்கே ஏரி இல்லை. ஏரி இல்லையென்றால் காலையில் மனைவி சரசாவோடு போகும் நடையும் இல்லை.

"நான் இன்னா ஸ்லோவா? டெய்லி உன்கூட சரிக்குச் சரியா நடக்கல?"

"நடக்கிறீங்க, நடக்கிறீங்க. காபி ஆறுது பாருங்க," என்றாள் சரசா.

மதியம் அவள் கண்ணயர்ந்ததும் பரந்தாமன் பட்டையைக் கழற்றி, இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனின் கம்பியில் கட்டினார். ஃபேன் சுறுசுறுப்பாகத் தலையாட்டியது. அவருக்கே இளமை திரும்பியதுபோல இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஜமீலா போன் செய்தாள். பட்டைகளைக் கவனிக்கும் டெக்னீஷியன் அவள்.

"ஐயா, நேத்து மத்தியானம் பூரா யாருக்கு டாட்டா காட்டினீங்க? கை நிக்கவே இல்லியே! டாக்டர் பயந்துட்டாரு. இன்னும் ஒரு வாரம் கட்டச் சொல்றாரு."

பரந்தாமன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். சமையலறையில் சரசா வெங்காயம் நறுக்கும் சத்தம், தகரக் கூரையில் விழும் மழைபோலக் கேட்டது.

"சரசா, கைய நீட்டு."

"இன்னாத்துக்கு?"

"இந்த வாரம் நீ கட்டிக்க. உன் கை மாதிரி கை ஆவடியிலயே கிடையாது."

"டாக்டரையே ஏமாத்துறதா? நல்லா கீதே!"

"அப்போ ஃபிளாட்டுல லிஃப்ட்ல ஏறி ஏறி இறங்கு. அதான் இனிமே உனக்கு வாக்கிங்."

சரசா கையை நீட்டினாள். பட்டை பூட்டிக்கொண்டதும் ஏனோ தயங்கினாள்.

"ஏரிக்குப் போவும்போது மட்டும் கழட்டிடட்டுமா?"

"அதுலதானே வேகமே தெரியும்! நீ எப்பவும் போல நட, போதும்."

அவள் வெங்காயம் நறுக்கத் திரும்பிப் போனாள்.

அந்த வாரமும் இருவரும் கரையில் நடந்தார்கள். நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. உலகத்தில் யாருக்கும் எந்த அவசரமும் இல்லாததுபோல இருந்தது.

வாரம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சரசா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே ஜமீலா திரையைப் பார்த்துப் புருவம் சுருக்கினாள்.

"காலைல நடக்கும்போது ரொம்ப மெதுவா கீது ஐயா. சாப்பாட்டு நேரத்துலயும் அப்படித்தான். கை வாய்க்குப் போய்ச் சேரவே நேரமாவுது."

பரந்தாமன் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சரசா பைக்குள் அவருடைய தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஜமீலாம்மா, ஃபிளாட்டுக்கே போயிடுறோம். எங்க வேணா போறோம். தப்பு பண்ணிட்டேன். அது என் கை இல்லம்மா, அவ கை. அவளுக்கும் இந்த நோவு வந்துடுச்சா?"

ஜமீலா அவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு கதவுக்கு வெளியே பார்த்தாள்.

"மத்த நேரமெல்லாம் இந்தக் கை பறக்குது ஐயா. நடக்கும்போதும் சாப்பிடும்போதும் அம்மா பக்கத்துல யாரு இருப்பாங்க?"