எல் போர்டு மாஸ்டரும் துரையும்

இடப்பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டே கார் ஓட்டுகிற மனிதர் நம் நாட்டில் ஒருவர்தான். அவர் அறந்தாங்கியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊருக்கு அவர் எல் போர்டு மாஸ்டர். அவர் காரில் இடப்பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. அந்த சீட்டை விட்டு அவர் மாறி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கறிக்கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் வலப்பக்கம் உட்கார ஓர் ஆள் வேண்டும். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிற பாவத்துக்கு அந்த ஆள் பெரும்பாலும் நான்தான்.

நான் லைசென்ஸ் வாங்கி இருபது வருஷம் ஆகிறது. மாஸ்டர் அதை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடியேறி வந்தார். "சார், ஞாயித்துக்கெழம புதுக்கோட்டையில நாய்க் கண்காட்சி. நம்ம துரையக் கொண்டு போறோம். நாளைக்கே கெளம்பணும்."

துரை என்பது அவருடைய ராஜபாளையம் நாய். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை.

"ஒரு மணி நேரந்தானே மாஸ்டர்? அன்னிக்குக் காலையில போனாப் பத்தாதா?"

"போட்டிக்குப் போற புள்ளைக்கு அலைச்சல் ஆகாது சார். அரிமளம் பக்கம் பழைய செட்டியார் வீடு ஒண்ண லாட்ஜா மாத்திருக்காங்க. நூறு வருஷத்து வீடு. ரூம் போட்டாச்சு."

மறுநாள் கிளம்பினோம். வேகமானி முள் முப்பதைத் தாண்டினால் அவர் கால் பிரேக்கில் இறங்கிவிடும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எங்களை முந்திக்கொண்டு போனது. "இண்டிகேட்டரையெல்லாம் நம்பப்படாது சார், கைய நீட்டுங்க" என்று சொல்லிச் சொல்லி என் வலது கையை ஜன்னலுக்கு வெளியிலேயே வைத்திருந்தார். ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. நான் நிறுத்தப் போவதாகக் கையை உயர்த்தும்போதெல்லாம், பின்சீட்டில் நின்றுகொண்டிருந்த துரை பொத்தென்று உட்கார்ந்தது.

லாட்ஜ் மேனேஜர் எங்களை எண்ணிப் பார்த்தார். "போன்ல மூணு பேருன்னு சொன்னீங்களே. மூணாவது ஆளு எங்கங்க?"

"இந்தா நிக்கிறாருல்ல. துரை."

"நாயி இங்கிட்டு வரப்படாதுங்க. தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல்லு, வீணாப்போயிரும்."

"அட்வான்ஸ் வாங்கும்போது வாலு இருக்கான்னு நீங்க கேக்கலயே" என்றார் மாஸ்டர். கடைசியில் இரண்டாம் கட்டு முற்றத்தில் துரைக்கு இடம் கிடைத்தது.

அங்கே தேக்குத் தூண்களைப் பார்த்துக்கொண்டே காபி குடித்துக்கொண்டிருந்தோம். சமையல்கட்டில் யாரோ ஒரு பித்தளை அண்டாவைக் கை தவறிப் போட, அது கல் தரையில் உருண்டு வந்த சத்தத்தில் ஓட்டிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. என் காபி பாதி சட்டையில். அந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்த துரை மட்டும் திரும்பவே இல்லை. நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் தூணைப் பார்த்தார்.

"காது கேக்காது சார்" என்றார். "பொறவியிலயே. சுத்த வெள்ளையில சிலது அப்பிடித்தான். திருவரங்குளத்துப் பண்ணைக்காரர்கிட்ட வாங்கினது. விசயம் தெரிஞ்சதும், கொண்டாங்க, ஊசி போட்டு முடிச்சிட்டு வேற குட்டி தாரேன்னாரு. நான் குடுக்கல. எனக்குத் தெரிஞ்சது கை சிக்னல் ஒண்ணுதான். அதையே சொல்லிக் குடுத்தேன். நாளைக்கு அந்தாளும் வருவாரு. அவரு கண்ணு முன்னாடி ஒரு பிரைசு வாங்கிப்புடணும் சார். வேற ஒண்ணும் வேணாம்."

"காது கேக்காததுக்குப் பேரு எதுக்கு மாஸ்டர்?"

"எனக்குக் கூப்பிடணும்ல."

மறுநாள் கண்காட்சி மைதானத்தில் மற்றவர்கள் தங்கள் நாய்களிடம் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் சங்கிலியைக் கழற்றிவிட்டு, வாயே திறக்காமல் தள்ளி நின்றார். கையை மேலும் கீழும் அசைத்தார். துரை நடையைக் குறைத்தது. வலது கையை நீட்டினார், வலப்பக்கம் திரும்பியது. கையை உயர்த்தினார், உட்கார்ந்தது. நடுவராக வந்திருந்த கால்நடை டாக்டரின் முகமே மலர்ந்துவிட்டது. பிரைசு நமக்குத்தான் என்று நானும் நம்பிவிட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் கார் நிறுத்துமிடம். அங்கே விசில்காரர் ஒருவர், வந்த காருக்கு "வா, வா" என்று கையை வீசினார். துரை அதைப் பார்த்தது. கையெடுத்துக் காட்டினால் கீழ்ப்படிய வேண்டும் என்பதுதானே அது படித்த பாடம். ஒரே தாவலில் வேலியைத் தாண்டிப் போய், இரண்டு கார்களுக்கு நடுவில் கோடு தாண்டாமல் நின்றுகொண்டது.

மைதானமே சிரித்தது. திரும்பக் கூட்டிவந்ததும், சந்தேகப்பட்ட டாக்டர் அதன் பின்னால் போய்ப் பலமாகக் கை தட்டினார். துரை மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"காது கேக்காதுங்களா? அப்படின்னா மார்க் போட முடியாதுங்க. ரூல் அப்படி" என்றார் டாக்டர், வருத்தமாகத்தான்.

மாஸ்டர் முகம் தொங்கிப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "சரிங்க சார். ரவுண்ட மட்டும் முடிச்சுக்கிறோம்" என்றார். டாக்டர் ஒதுங்கி வழிவிட்டார். மாஸ்டர் கை காட்டக் காட்ட, துரை ஒரு பிசகும் இல்லாமல் மைதானத்தைச் சுற்றி வந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்தபோது பண்ணைக்காரர் எதிரே வந்தார். ஏதாவது ஏளனமாகச் சொன்னால் ஒரு பிடி பிடித்துவிடுவது என்று நான் தயாராக இருந்தேன்.

"மாஸ்டர்" என்றார் அவர், குரலை இறக்கி. "இந்த ஈத்துலயும் ஒரு குட்டி இப்பிடியே கெடக்கு. நாளைக்கு ஊசிக்குச் சொல்லிருந்தேன். வேணாம்னு சொல்லிடுறேன். யாராச்சும் வளப்பாங்களா?"

மாஸ்டர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "நம்ம சார் வளப்பாரு."

நாயைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிற பரம்பரை என்னுடையது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில், "பொம்பளைக் குட்டியா, ஆம்பளைக் குட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

இப்போது தினமும் காலையில் டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் எனக்கும் அந்தக் குட்டிக்கும் வகுப்பு. "கைய நல்லா நீட்டுங்க சார், புள்ள குழம்புதுல்ல" என்று எல்லார் முன்னாலும் திட்டு விழுகிறது. போன மாதம் ஆபீசில் எனக்குத் தஞ்சாவூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கெஞ்சிக் கூத்தாடி நிறுத்திவிட்டேன். குட்டியின் படிப்பு பாதியில் நிற்கும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். குட்டி எல்லாவற்றையும் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. எனக்குத்தான் அந்த மனுஷரை விட்டுப் போக மனசு வரவில்லை.