முதல் கேபினில் பங்குச்சாமியார்

திண்டுக்கல்,
ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 2006

அன்புள்ள மாப்பிள்ளை ரொனால்டுக்கு,

மாமா சிலுவைமுத்து எழுதுவது. சேசுவுக்குப் புகழ். நானும் உன் அத்தையும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நம் பிரௌசிங் சென்டர்தான் சுகமாக இல்லை. பெங்களூரில் நீ சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

நிற்க. ஈஸ்டருக்கு வந்தபோது இங்கே நெட்வொர்க்கைத் திருத்தி அமைத்தாய் அல்லவா? "மாமா, மெயில் செத்த நேரம் நின்னு போகலாம், படம் மெதுவா இறங்கலாம், பேச்சு மட்டும் நிக்கக்கூடாது, நின்னா துண்டு துண்டா ஆயிரும். முதல் கேபினுக்கு முன்னுரிமை குடுத்திருக்கேன், வெளிநாட்டுக்குப் பேசுறவங்கள அங்க உக்கார வைங்க" என்றாய். சரிதான். ஆனால் இருக்கிறதிலேயே நல்ல நாற்காலியும் அங்கேதானே கிடக்கிறது? பெரிய மனிதர் வந்தால் வேறெங்கே உட்கார வைப்பேன்?

மஸ்கட்டில் நம் ஷைனி இன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைப்பிள்ளையோடு வீடு திரும்பினாள். பேத்தி குரலைக் கேட்க உன் அத்தை பூசை முடிந்த கையோடு வந்து முதல் கேபினில் ஹெட்போனை மாட்டினாள். லைன் கிடைச்சு ஷைனி "அம்மா"ன்னுட்டா, அந்த நேரம் பாத்துப் பங்குச்சாமியார் திருவிழா போட்டோவை ரோமாபுரிக்கு அனுப்பணும்னு வாராரு. நான் என்ன செய்ய? அத்தையை எழுப்பி, நாலாவது கேபின்ல திரும்பக் கூப்பிடச் சொல்லிட்டு, சாமியை உக்கார வச்சேன். அம்புட்டுத்தான். போட்டோவெல்லாம் சிட்டாப் பறக்குது, ஷைனி பேசுறதுல அரை வார்த்தை வருது, அரை வார்த்தை கடல்ல போகுது. "ஏத்தா, பிள்ள பால் குடிக்குதா?"ன்னு அத்தை கத்துறா, பதிலே இல்ல. ஹெட்போனைக் கழட்டாம உக்காந்து அழுகுறா. சாமி மனசு இளகி, "லைன் சரியாக ஜெபம் சொல்லுவோம்"னு கண்ணை மூடிட்டாரு, அந்த நாற்காலியை விட்டு எந்திரிக்காமலே. "சாமி, நீங்க எந்திரிச்சாப் போதும்"னு எவன் போய்ச் சொல்லுவான் மாப்பிள்ளை?

ஆகவே உடனே புறப்பட்டு வா. கேபினுக்குக் கொடுத்த முன்னுரிமையை எடுத்துவிட்டு, எந்த நாற்காலியிலிருந்து பேசினாலும் பேச்சு முதலில் போகும்படி செய். மரியாதை ஆளுக்கு இருக்கட்டும். வழி பேச்சுக்கு வேண்டும். இதை மெயிலிலேயே அனுப்பியிருப்பேன். சாமி இன்னும் எழுந்திருக்கவில்லை, மற்ற கேபின்களில் மெயிலும் நகரவில்லை.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். வேளைக்குச் சாப்பிடு.

ஆசியுடன்,
மாமா

பி.கு.: நீ வர வேண்டாம். கவரை ஒட்டுறதுக்குள்ள அத்தை எந்திரிச்சுப் போய், "சாமி, இங்க உக்காந்தாத்தான் என் பேத்தி குரல் கேக்கும், எந்திரிங்க"ன்னு நேராவே சொல்லிட்டா. சாமி பதறி எந்திரிச்சு, "ஏம்மா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? போட்டோவுக்கு என்ன அவசரம்?"ன்னாரு. பேத்தி வீல்னு அழுதாளாம், ஒரு இடத்துலயும் அறுபடலயாம். அத்தை ஆசை தீரக் கேட்டுட்டு ஹெட்போனைச் சாமிக்குக் குடுத்திருக்கா. எனக்கு இன்னும் முறை வரல.